ஒரே பேர்... ரெண்டு ஆனி!

ஒரு சின்ன கற்பனையோட ஆரம்பிப்போமா?

உங்க பேர்லயே இன்னொருத்தர் இருந்திருக்கார். நீங்க செஞ்ச ஒரு விஷயத்தை அவர் செஞ்சதா ஊரே நம்புது. அவரோட வாரிசுகளைக் கூப்பிட்டு விழாவுல முன்வரிசையில உட்கார வைக்குது. நீங்களோ, பேர்கூட எழுதாத ஒரு கல்லறையில இருக்கீங்க. உங்க பேரப்பிள்ளைங்க எங்கே இருக்காங்கன்னு ஒருத்தரும் தேடலை. எப்படி இருக்கும்?

இது சினிமா கதை இல்ல பாஸ். ஆனி மூர் என்கிற ஐரிஷ் பெண்ணுக்கு நிஜமாவே நடந்தது. அதைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தது, யாருமே திறந்து பார்க்காத பழைய காகிதங்கள்!

1892, ஜனவரி 1

நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குபவர்களைப் பரிசோதித்து அமெரிக்காவுக்குள் அனுப்ப, புத்தம் புதுசாக ஒரு நிலையம் கட்டியிருந்தார்கள். அன்றைக்குத்தான் திறப்பு நாள். 1954-ல் மூடப்படும் வரை சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் அந்த வாசல் வழியாகத்தான் போனார்கள்.

அதில் முதல் ஆள் ஆனி மூர். அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து, 'நெவாடா' என்கிற கப்பலில் டிசம்பர் 20-ம் தேதி கிளம்பி, 31-ம் தேதி நியூயார்க் வந்து சேர்ந்தவர். கூட ரெண்டு தம்பிகள்... ஆன்டனி, ஃபிலிப். பெரியவர்கள் யாரும் துணைக்கு இல்லை. முதல் ஆளாகப் பதிவானதற்காக அவர் கையில் 10 டாலர் தங்கக் காசு ஒன்றைக் கொடுத்தார் அதிகாரி. பத்திரிகைகளில் செய்தி வந்தது. அவ்வளவுதான். பிள்ளைகள் கூட்டத்தில் கலந்து போனார்கள்.

அவர்களை வரவழைத்தவர்கள் யார் தெரியுமா? அப்பா மாத்யூ, அம்மா ஜூலியா. இந்தத் தம்பதி 1888-லேயே அமெரிக்கா வந்துவிட்டார்கள். நாலு வருஷம் உழைத்து, காசு சேர்த்து, மிச்சமிருந்த பிள்ளைகளுக்கு டிக்கெட் அனுப்பும் நிலைமைக்கு வந்திருந்தார்கள். அன்றைய ஐரிஷ் குடும்பங்களில் இது சர்வசாதாரணம். ஒருத்தர் முன்னாடி போவார், பின்னாடியே ஒவ்வொருத்தராகப் போவார்கள்.

டெக்சாஸ் கதை

பல வருஷம் கழித்து ஒரு கதை பரவியது. ஆனி மூர் அமெரிக்காவின் மேற்குப் பக்கம் போனாராம். டெக்சாஸில் நல்ல வம்சத்தில் வாழ்க்கைப்பட்டாராம். ஃபோர்ட்வொர்த் பக்கத்தில் டிராம் மோதி இறந்துபோனாராம். கப்பலில் வந்த ஏழைப் பெண், பரந்த மேற்குலகம், சோகமான முடிவு... அமெரிக்கா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பும் கதைக்கு இதைவிட என்ன வேணும்?

எல்லோரும் நம்பினார்கள். டெக்சாஸ் குடும்பத்துக்கு விழா அழைப்புகள் போயின. ஆனிக்கு ரெண்டு சிலைகளும் வந்தன. ஒன்று எல்லிஸ் தீவில். இன்னொன்று அவர் கப்பலேறிய அயர்லாந்தின் கோவ் துறைமுகத்தில், தம்பிகளோடு நிற்கிற மாதிரி. ரெண்டையும் செய்தவர் ஜீன் ரைன்ஹார்ட் என்கிற சிற்பி.

அந்தக் குடும்பம் வேணும்னே ஏமாற்றியது என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் சொன்னதை அவர்கள் நம்பினார்கள், அவர்கள் சொன்னதை ஊர் நம்பியது. ஒரே ஒரு வேலையை மட்டும் யாரும் செய்யவில்லை. அந்த டெக்சாஸ் அம்மாவின் பழைய ரெக்கார்டுகளைப் புரட்டிப் பார்க்கவில்லை!

ஒரு வார்த்தை... மொத்தமும் காலி!

அதைப் பார்த்தவர் மெகன் ஸ்மொலென்யாக். வம்சாவளி ஆராய்ச்சியையே தொழிலாக வைத்திருப்பவர். குடியேற்றம் பற்றிய ஒரு டாக்குமென்டரி வேலைக்காக ஆனியின் காகிதங்களைத் தேடிப் போனவருக்கு ஷாக். டெக்சாஸ் ஆனியின் ரெக்கார்டுகளில் பிறந்த இடம் என்று இருந்தது அயர்லாந்து இல்லை... இல்லினாய்!

அதாவது, அமெரிக்காவிலேயே பிறந்தவர். அமெரிக்காவில் பிறந்தவர் எதுக்குங்க கப்பலேறி வந்து எல்லிஸ் தீவில் இறங்கணும்?

சரி, இவர் இல்லை. அப்போ நிஜ ஆனி எங்கே? 'மூர்' என்பது அங்கே தெருவுக்குத் தெரு இருக்கிற பேர். 'ஆனி'யும் அப்படித்தான். கூட்டம் நிரம்பிய பஸ் ஸ்டாண்டில் நின்று "குமாரு..." என்று கூப்பிட்டால் எத்தனை தலை திரும்பும்? அதே கதைதான். போதாக்குறைக்கு, கல்யாணம் ஆனதும் பெண்ணின் குடும்பப் பெயர் மாறிவிடும். புதுப் பெயர் தெரியாவிட்டால் அதோடு ரூட் கட்!

2006-ல் மெகன் ஒரு அறிவிப்பு விட்டார்: நிஜ ஆனியைப் பற்றித் துப்புக் கொடுப்பவருக்கு 1,000 டாலர் பரிசு. பல வருஷமாக முடியாத வேலை சில வாரங்களில் முடிந்தது.

அக்காவை விடு, தம்பியைப் பிடி!

எப்படி முடிந்தது என்பதுதான் இந்தக் கதையின் ஹைலைட். அவர்கள் ஆனியைத் தேடவில்லை. தம்பி ஃபிலிப்பைத் தேடினார்கள்!

ஆண்களுக்குக் குடும்பப் பெயர் மாறாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்க அவர்கள் விண்ணப்பம் போட வேண்டும். அதனால் காகிதம் இருக்கும். 1922 வரை, கல்யாணமான பெண்ணுக்குப் புருஷனின் குடியுரிமைதான். அதனால் பெரும்பாலும் அவர் பெயரில் தனிக் காகிதமே இருக்காது. சரித்திரத்தில் பெண்கள் தொலைந்துபோவது இப்படித்தான் பாஸ்... அவர்கள் வாழவில்லை என்று அர்த்தமில்லை, யாரும் எழுதி வைக்கவில்லை!

நியூயார்க் நகர ஆவணத் துறையின் கமிஷனர் பிரையன் ஆண்டர்சன், ஃபிலிப்பின் குடியுரிமைச் சான்றிதழைக் கண்டெடுத்தார். அங்கிருந்து 1930 சென்சஸ். அதில் ஃபிலிப்புக்கு ஒரு மகள். (அமெரிக்காவில் சென்சஸ் தாள்களை 72 வருஷம் பூட்டி வைப்பார்கள். 1930-ன் தாள்கள் 2002-ல்தான் வெளியே வந்தன.) மகள் பெயரை அமெரிக்க சமூகப் பாதுகாப்புத் துறையின் இறப்புப் பட்டியலில் தேடி, அங்கிருந்து அவருடைய மகன் வரை வந்து சேர்ந்தார்கள். ஆளைப் பிடித்துக் கேட்டால், எல்லிஸ் தீவு ஆனி தங்கள் உறவு என்பது அந்தக் குடும்பத்துக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது! யாரும் வந்து கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நிஜ ஆனி

நிஜ ஆனி டெக்சாஸ் பக்கமே போகவில்லை. கப்பலில் வந்து இறங்கிய அதே நியூயார்க்கில், லோயர் ஈஸ்ட் சைடு என்கிற நெருக்கடியான ஏழைகள் பகுதியில் வாழ்ந்தார். ஜோசப் ஷேயர் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. ஃபுல்டன் மீன் மார்க்கெட்டில் விற்பனை வேலை.

குறைந்தது 11 பிள்ளைகள் பெற்றார் ஆனி. பெரியவர்களாக வளர்ந்தது 5 பேர்தான்.

இந்த வரியை ஒருதரம் நிறுத்தி நிதானமா படிங்க. டெக்சாஸ் கதையில் இருந்த குதிரை, வெட்டவெளி, வம்சப் பெருமை எதுவும் இங்கே இல்லை. வாடகை வீடு, மீன் வாடை, வரிசையாகக் குழந்தைச் சாவுகள். 1924 டிசம்பர் 6-ம் தேதி இதயம் நின்று இறந்தார் ஆனி. வயசு 50. குயின்ஸ் பகுதியில் உள்ள கால்வரி கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். கல் வைக்கக்கூட வசதியில்லை.

இதுதான் லட்சக்கணக்கான ஐரிஷ்காரர்களின் நிஜமான அமெரிக்க வாழ்க்கை. அதனால்தான், தப்பான ஆனியைக் கொண்டாடியது வெறும் பேர்க் குழப்பம் இல்லை. ஒரு ஏழைத் தாயின் வாழ்க்கைக்குப் பதிலாக, பார்க்க நன்றாக இருந்த இன்னொரு வாழ்க்கையை அங்கே ஒட்டிவிட்டார்கள்!

ஊர் தெரியாத ஜோடிகள்

ஆனி விஷயத்தில் ஒரு சௌகரியம், சொந்த ஊர் கார்க் என்று முன்னாடியே தெரியும். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடையாது.

அயர்லாந்தில் 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. 1852 வரை நீண்ட பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். குறைந்தது அதே அளவு பேர் கப்பலேறினார்கள். அப்படிப் போய் பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். பேர் பேட்ரிக், பிரிட்ஜெட். அயர்லாந்தில் ரொம்ப சகஜமான பேர்கள். (ஜனாதிபதி ஜான் எஃப். கென்னடியின் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி பேரே பேட்ரிக் கென்னடி, பிரிட்ஜெட் மர்ஃபிதான். 1849-ல் பாஸ்டனில் கல்யாணம்!)

இந்த ஜோடி எந்த ஊர்? அமெரிக்க சென்சஸில் பார்த்தால் பிறந்த இடம்: அயர்லாந்து. அவ்வளவுதான் எழுதியிருக்கும். அயர்லாந்தில் 'டவுன்லேண்ட்' என்று சொல்லப்படும் சின்னச் சின்ன ஊர் எல்லைகள் மட்டும் 60,000-க்கும் மேல். எந்த டவுன்லேண்ட் என்று தெரியாதவரை தேடல் ஒரு அடி நகராது.

சரி, அயர்லாந்து சென்சஸையே பார்த்துவிடலாமா? அங்கேதான் ட்விஸ்ட்!

1922, ஜூன் 30. உள்நாட்டுப் போர். டப்ளினில் நீதிமன்ற வளாகத்தோடு சேர்ந்திருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 700 வருஷத்துக்கும் மேலான காகிதங்கள் சாம்பல். 1821, 1831, 1841, 1851 சென்சஸ் தாள்கள் கொஞ்சம் தவிர எல்லாம் போச்சு. 1861, 1871 தாள்களை அதுக்கு முன்னாடியே அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்களை முதல் உலகப்போர் சமயத்தில், காகிதத் தட்டுப்பாடு என்று கூழாக்கிவிட்டார்கள். ஆக, முழுசாகத் தப்பியவற்றில் பழசு 1901-தான். பஞ்சத்தில் கிளம்பிய ஜோடிக்கு அதால் என்ன பிரயோஜனம்?

இந்தப் பக்கமாவது நல்லா இருக்கான்னா, 1897-ல் எல்லிஸ் தீவின் மரக் கட்டடமும் எரிந்துபோனது. அங்கே வைத்திருந்த 1855 முதலான பழைய குடியேற்றப் பதிவேடுகள் போச்சு. நல்லவேளையாக, சுங்கத் துறை தனியாக வைத்திருந்த கப்பல் பயணிகள் பட்டியல்கள் தப்பின.

எரியாத காகிதங்கள்

அப்போ அம்பேலா? இல்லை. பெரிய கட்டடத்தில் பத்திரமாக வைத்தது எரிந்தது. யாரும் சட்டை செய்யாத காகிதங்கள் பிழைத்துக்கொண்டன. சிலதைப் பாருங்க:

கோயில் பதிவேடு: கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நான, கல்யாணப் பதிவேடுகள் பெரும்பாலும் அந்தந்தக் கோயிலிலேயே இருந்ததால் தப்பின. அயர்லாந்து தேசிய நூலகம் 2015-ல் இவற்றின் படங்களை இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டது. பேர் லத்தீனில் இருந்தால் மிரளாதீங்க. 'ஜேக்கபஸ்' என்றால் ஜேம்ஸ், 'குலியெல்மஸ்' என்றால் வில்லியம். முக்கியமாக, ஞானப் பெற்றோர், கல்யாண சாட்சிகள் பேரை விட்டுடாதீங்க. அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

வரிப் பட்டியல்: 1847 முதல் 1864 வரை நாடு முழுக்க நில மதிப்பீடு செய்தார் ரிச்சர்ட் கிரிஃபித். எந்த டவுன்லேண்டில் யார் குடியிருந்தார், எவ்வளவு நிலம், சொந்தக்காரர் யார் என்று எல்லாம் அதில் உண்டு. அதற்கும் முன்னாடி, 1820, 30-களில், தசமபாக வரிக்காக எடுத்த பட்டியலும் இருக்கு. மக்களைக் கசக்கிய வரிதான், இன்றைக்கு அவர்களைக் கண்டுபிடிக்கிற வழி!

பேங்க் புத்தகம்: இதுதான் என் ஃபேவரைட். ஐரிஷ்காரர்களுக்காக 1850-ல் நியூயார்க்கில் ஆரம்பித்த எமிக்ரன்ட் சேவிங்ஸ் பேங்க். பணம் போடுபவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போட வராது. வேறு ஆள் வந்து எடுத்துவிட்டால்? அதனால் கணக்கு ஆரம்பிக்கும்போதே கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார்கள். எந்த ஊர், எந்தக் கப்பல், எந்த வருஷம் வந்தீங்க, அப்பா அம்மா யார், கூடப் பிறந்தவங்க யார் யார்... இன்றைக்கு பாஸ்வேர்டு மறந்தால் "உங்க அம்மா பேர் என்ன?" என்று கேட்கிறார்களே, அதேதான்! அந்தப் புத்தகங்கள் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன.

பத்திரிகை விளம்பரம்: பாஸ்டனின் 'பைலட்' பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை, காணாமல் போன உறவுகளைத் தேடும் விளம்பரங்கள் வந்தன. ரயில் பாதை போடப் போன புருஷனைத் தேடும் மனைவி, தம்பியைத் தேடும் அக்கா... ஆள் அடையாளத்துக்காக ஊர், பங்கு எல்லாம் விவரமாகப் போட்டார்கள். அன்று அந்த மனைவிக்குப் பதில் கிடைத்ததோ இல்லையோ, அவருடைய கொள்ளுப் பேத்திக்கு இன்று ஊர் பேர் கிடைக்கிறது.

எரிந்ததையும் அப்படியே விட்டுவிடவில்லை. மற்ற காப்பகங்களில் இருந்த நகல்களைத் தேடிச் சேர்த்து, அந்தக் காப்பகத்தையே கம்ப்யூட்டருக்குள் திரும்பக் கட்டுகிற வேலையை அயர்லாந்து எடுத்திருக்கிறது. தீ விபத்தின் 100-வது வருஷமான 2022-ல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

காகிதமும் பொய் சொல்லும்!

உடனே காகிதத்தில் இருப்பதெல்லாம் வேதவாக்கு என்று நினைக்காதீங்க. ஆனி இறங்கிய அன்று அவருக்கு 15-வது பிறந்தநாள் என்று பல காலம் சொல்லிவந்தார்கள். நிஜத்தில் அவர் 1874-ல் பிறந்தவர். வயசு 17!

பேர் எழுத்தும் மாறும். ஐரிஷ் பேர்களில் முன்னால் வரும் 'ஓ', 'மெக்' ஒரு காகிதத்தில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னதை, எழுதுபவர் காதில் விழுந்தபடி எழுதினார். "எல்லிஸ் தீவு அதிகாரிதான் எங்க குடும்பப் பேரை மாத்திட்டார்" என்று பல அமெரிக்கக் குடும்பங்கள் சொல்லும். அதுவும் பெரும்பாலும் கதைதான். பயணிகள் பட்டியலைக் கப்பல் கம்பெனி, கிளம்புகிற இடத்திலேயே எழுதிவிடும். தீவில் இருந்தவர்கள் அதைப் பார்த்து டிக் அடித்தவர்கள்தான்.

அதனால் வம்சாவளி தேடுபவர்கள் ஒரு ரூல் வைத்திருக்கிறார்கள். ஒரே காகிதத்தை நம்பாதே. ரெண்டு, மூணு காகிதம் ஒரே விஷயத்தைச் சொல்லணும். ஒத்துவராத ஒரு வரி இருந்தால், அதை ஒதுக்கிவிட்டுப் போகாதே, அங்கேதான் நிற்கணும். 'இல்லினாய்' என்ற ஒரு வார்த்தையில் மெகன் நின்ற மாதிரி.

கதை எவ்வளவு நல்லா இருக்கோ, அவ்வளவு கவனமா செக் பண்ணணும் என்பதும் இதே பாடம்தான். டெக்சாஸ் கதை இத்தனை வருஷம் நின்றதுக்கு ஆதாரம் காரணம் இல்லை. கேட்க நல்லா இருந்தது, அவ்வளவுதான். நம்ம செல்போனுக்கு வர்ற ஃபார்வர்டும் அப்படித்தானே?

கடைசியா ஒரு கல்

2008, அக்டோபர் 11. கால்வரி கல்லறைத் தோட்டத்தில் ஒரு சின்ன விழா. ஆனியின் கல்லறை மேல் கெல்டிக் சிலுவை ஒன்றைத் திறந்து வைத்தார்கள். அயர்லாந்தின் நீலச் சுண்ணாம்புக் கல்லில் செய்தது. இந்தத் தடவை வந்து நின்றது நிஜ ஆனியின் குடும்பம்.

அவர் இறந்து 84 வருஷம் ஆகியிருந்தது. எல்லிஸ் தீவில் 10 டாலர் தங்கக் காசு வாங்கியதைத் தவிர, ஊர் மெச்சும்படி எதையும் அவர் செய்ததாக எந்தக் காகிதமும் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பெற்றார், பலரைப் பறிகொடுத்தார், மிச்சப் பேரை வளர்த்தார். அவர் வாழ்ந்த ஊர் தப்பாமல், அவர் பேரைச் சரியாக எழுதி, சரியான இடத்தில் ஒரு கல்லை நட இத்தனை பேர் இத்தனை காகிதத்தைப் புரட்ட வேண்டியிருந்தது.

எல்லிஸ் தீவு சிலையில் இன்றைக்கும் ஆனி தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என்றைக்காவது நியூயார்க் போனீங்கன்னா சிலையோடு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. அப்படியே டைம் இருந்தா, குயின்ஸ் பக்கமும் ஒரு எட்டு போய்ட்டு வாங்க. நிஜ ஆனி அங்கேதான் இருக்காங்க!